கைக்குழந்தையின் கோழித்தூக்கம்: முனகியவுடன் தூக்க வேண்டுமா?

திருகோணமலை நகரிலும் மூதூர்ப் பக்கத்திலும் நான் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்த காலம் முழுவதும் இளம் தாய்மார் அதிகம் கேட்ட கேள்விகளில் ஒன்று இது: "மிஸ், பிள்ளை பகலில அரை மணித்தியாலம்கூட நித்திரை கொள்ளுறான் இல்ல. எனக்குப் பால் காணாதோ?"

மூன்று, நான்கு மாதப் பிள்ளைகளின் தாய்மாரே பெரும்பாலும் இப்படிக் கேட்பார்கள். இரவில் பலமுறை எழும்பிப் பால் கொடுத்துவிட்டு, பகலில் சமைக்கவும் உடுப்புத் தோய்க்கவும் அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பியிருப்பவர்கள் அவர்கள். அநேகமாகப் பால் குறைவு இதற்குக் காரணமில்லை. கிளினிக்கில் நிறுக்கும்போது நிறை ஒழுங்காக ஏறுகிறதா, நாளொன்றுக்கு ஆறு தடவையாவது சலம் போகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பால் போதும். நித்திரைக்காகப் பால்மா கரைத்துக் கொடுக்கத் தேவையில்லை.

ஏன் சீக்கிரம் முழிக்கிறது?

பெரியவர்களுடைய நித்திரை ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. கைக்குழந்தைக்கு ஒரு சுற்று 50 நிமிடமளவுதான். அதில் பாதியளவு மேலோட்டமான நித்திரை. அந்த நேரத்தில் கண் இமைக்குள் கருவிழி அசையும், உதடு சுழிக்கும், கை கால் துள்ளும், பிள்ளை முனகும், சில வேளை சிணுங்கும். பார்ப்பவருக்கு எழும்பிவிட்டது போலத் தெரியும். உண்மையில் அது நித்திரையில்தான் இருக்கிறது.

ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்குப் போகும் இடம்தான் சிக்கலானது. பகலில் இந்த இரண்டு சுற்றுகளையும் தானாக இணைக்கும் பக்குவம் பல பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு மாதமளவில்தான் வருகிறது. ஆகவே அதற்கு முன் 30, 40 நிமிடத்தில் முழிப்பது நோயல்ல. 24 மணித்தியாலத்துக்கும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மூன்று மாதம் வரை 14 முதல் 17 மணித்தியாலம், நான்கு முதல் பதினொரு மாதம் வரை 12 முதல் 16 மணித்தியாலம் என்பது 2019 இல் உலக சுகாதார நிறுவனம் தந்த அளவு. பகல் நித்திரையும் இதற்குள் அடங்கும்.

போர் பழக்கிய கைகள்

எங்கள் வீடுகளில் பிள்ளை முனகிய அடுத்த நொடியே ஒரு கை அதைத் தூக்கிவிடும். பெரும்பாலும் அம்மம்மாவின் கை. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

2006 ஏப்ரலில் சம்பூர்ப் பகுதியில் குண்டுவீச்சும் எறிகணை வீச்சும் தொடங்க, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாகரை, மட்டக்களப்பு என்று ஓடினார்கள். பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். 2015, 2016 இல் காணிகள் விடுபட்ட பிறகே பலர் ஊர் திரும்பினார்கள். பதுங்குகுழிக்குள் பிள்ளை அழுதால் எல்லோருக்கும் நெஞ்சு பதறும். முகாமில் அடுத்த குடும்பத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு தறப்பாள்தான் சுவர். பிள்ளையின் வாயிலிருந்து சத்தம் வருமுன் அணைத்துவிடுவதே அன்றைக்குப் பாதுகாப்பாக இருந்தது. அன்றைய தாய்மார் இன்று அம்மம்மாமார். அன்று மடியில் இருந்தவர்களில் சிலர் இன்று தாய்மார்.

அந்தக் கைகளைப் பிழை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இன்று அந்த அவசரம் இல்லை. பாதி நித்திரையில் முனகும் பிள்ளையைத் தூக்கினால் நாங்களே அதை முழிக்க வைக்கிறோம்.

ஆகவே முனகல் கேட்டால் கிட்டப் போய் ஒரு நிமிடம் பாருங்கள். கண் மூடியிருந்து, முனகல் விட்டு விட்டு வந்தால் தொட வேண்டாம். சிணுங்கல் கூடினால் நெஞ்சில் மெல்லக் கை வைத்து, தாழ்ந்த குரலில் ஓராட்டுங்கள். சில பிள்ளைகள் அப்படியே அடுத்த சுற்றுக்குள் போய்விடும். கண் திறந்து உண்மையாக அழுதால் உடனே தூக்கிப் பால் கொடுங்கள். அழவிட்டுப் பழக்கச் சொல்லவில்லை. இந்த வயதில் அது வேண்டவே வேண்டாம்.

இடமும் நேரமும்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் மத்தியானம் எந்தப் பிள்ளையும் நீண்ட நேரம் நித்திரை கொள்ளாது. வீட்டில் எந்த இடம் குளிர்ச்சியோ அங்கே கிடத்துங்கள். மெல்லிய பருத்திச் சட்டை போதும், தொப்பியும் காலுறையும் வேண்டாம். பிடரியில் வியர்வை இருந்தால் பிள்ளைக்கு வெக்கை என்று அர்த்தம். பகலிலும் நுளம்பு வலை கட்டாயம். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும். 2017 இல் கிண்ணியா பட்ட பாட்டை எங்கள் மாவட்டம் மறந்திருக்காது.

மூன்று, நான்கு மாதப் பிள்ளை ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம் முழித்திருந்தாலே களைத்துவிடும். கண்ணைக் கசக்கும், கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பும். அப்போதே கிடத்துங்கள். அதிகம் களைத்தால் அழுது அழுது நித்திரையாகி, சீக்கிரம் முழிக்கும். காலையில் வெளிச்சம் காட்டுங்கள், நித்திரை நேரத்தில் யன்னலுக்கு ஒரு சேலையைப் போட்டு இருட்டாக்குங்கள்.

ஏணை எங்கள் ஊர் வழக்கம். ஆட்டியே நித்திரையாக்கிய பிள்ளை சுற்று மாறும்போதும் ஆட்டத்தைத் தேடும். அதனால் கண் செருகும்போதே ஆட்டத்தைக் குறைத்து, சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்காகக் கிடத்துங்கள். ஏணைத் துணி முகத்தை மூடவோ, நாடி நெஞ்சில் முட்டவோ கூடாது. தலையணை வேண்டாம். நித்திரை வரத் தடிமன் மருந்து கொடுப்பது ஆபத்தானது.

தாயின் நித்திரை

பிள்ளை உறங்கியும் தாய்க்கு உறக்கம் வராமல் இருப்பதுண்டு. வெடிச் சத்தமோ ஹெலிகொப்டரோ கேட்டால் உடல் விறைக்கும், மூச்சு வருகிறதா என்று பிள்ளையின் மூக்கில் கை வைத்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டு கிழமைக்கு மேல் இப்படி இருந்தால், அல்லது ஓயாத கவலையும் அழுகையும் இருந்தால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பிள்ளைக்குக் காய்ச்சல், பால் குடிக்காமை, மூச்சு இழுப்பு, எழுப்பினாலும் எழும்பாத மயக்கம் இருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். அம்புலன்ஸ் வண்டிக்கு 1990.

ஒரு நித்திரையை மட்டும் மடியில் வைத்தே நீட்டிப் பார்க்கலாம். அந்த வேலையை அம்மம்மாவிடம் கொடுங்கள். அவர் முழித்திருந்து பார்க்க, தாய் போய்ப் படுக்கட்டும்.