தலைப்பு கேலரியோடது, படம் யாரோடது?

வழக்கமா இங்க கோடிங், வேலை, சம்பளம்னு பேசுவோம். இந்த எபிசோட் ஓவியம் பத்தினது. "வேலைக்குப் போய்க்கிட்டே படம் வரையறேன். தீம் ஷோவுக்கெல்லாம் அனுப்பலாமா, இல்ல நேர விரயமா?"ன்னு நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார். நான் ஓவியன் கிடையாது. ஆனா என் தோழி ஒருத்தங்க சென்னையில பேங்க் வேலைக்கு நடுவுல மூணு வருஷமா இதைத்தான் பண்றாங்க. அவங்ககிட்ட நிறைய கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அதை வரிசையா சொல்றேன்.

தீம் ஷோன்னா என்ன?

ஒரு கேலரி ஒரு சொல்லை அறிவிக்கும். "தண்ணீர்", "வீடு", "நகரம்" இப்படி ஏதாவது. கூடவே கடைசித் தேதி, படத்தோட அதிகபட்ச அளவு, நுழைவுக் கட்டணம் இருந்தா அது. நீங்க படத்தை போட்டோ எடுத்து அனுப்பணும், அவங்க தேர்ந்தெடுப்பாங்க.

புதுசா வர்றவங்களுக்கு இது ஏன் முக்கியம்? தனியா ஒரு கண்காட்சி வைக்கணும்னா குறைஞ்சது இருபது படமாவது வேணும். ஹால் வாடகை, ஃப்ரேம், அழைப்பிதழ் எல்லாம் நம்ம செலவு. தீம் ஷோவுக்கு ஒண்ணோ ரெண்டோ படம் போதும். சுவர் அவங்களோடது, கூட்டமும் அவங்களே கூட்டிடுவாங்க. அதனால பல பேருக்கு முதல் கதவு இதுதான்.

சிக்கலும் இங்கதான் ஆரம்பிக்குது. என் தோழி ரெண்டு வருஷத்துல அஞ்சு ஷோவுக்கு வரைஞ்சாங்க. தண்ணிக்கு ஒரு கடல், நாட்டியத்துக்கு ஒரு பரத நடனம், பெண்மைக்கு ஒரு அம்மா, குழந்தை. அஞ்சும் சுவர்ல ஏறிச்சு, ரெண்டு வித்துச்சு. அப்புறம் வேற ஒரு கேலரியில எல்லாத்தையும் சேர்த்துக் காட்டினப்போ, "இதெல்லாம் ஒரே ஆள் வரைஞ்சதா?"ன்னு கேட்டாங்களாம். அந்தக் கேள்விக்கு அப்புறம் நாலு மாசம் அவங்க பிரஷ்ஷையே தொடலை.

ஒரே தலைப்பு, பதினோரு ஓவியர்கள்

இந்த இடத்துல ஒரு பழைய கதை உதவும். 1940-கள்ல ஹாலிவுட் இயக்குநர் ஆல்பர்ட் லெவின், மோப்பசான் நாவலை வச்சு 'தி பிரைவேட் அஃபேர்ஸ் ஆஃப் பெல் அமி'ன்னு ஒரு படம் எடுத்தார். படம் 1947-ல் வெளிவந்தது. அதுல ஒரு ஓவியம் தேவைப்பட்டது. அதுக்காகப் பல ஓவியர்களை அழைச்சு ஒரு போட்டி வச்சாங்க. தலைப்பு எல்லாருக்கும் ஒண்ணுதான்: "புனித அந்தோணியாரின் சோதனை". பாலைவனத்துல தவம் இருக்கிற துறவியை ஆசைகளும் பேய்களும் வந்து அலைக்கழிக்கிற கதை. மார்செல் துஷாம்ப், ஆல்ஃபிரட் பார், சிட்னி ஜேனிஸ் மூணு பேரும் நடுவர்கள். பதினோரு ஓவியங்கள் வந்தன.

ஜெயிச்சது மாக்ஸ் எர்ன்ஸ்ட். சிவப்பு உடை போட்ட துறவியை விநோதப் பிராணிகள் பிச்சுப் பிடுங்கற மாதிரி வரைஞ்சிருந்தார். படம் கறுப்பு வெள்ளை, ஆனா அந்த ஓவியத்தை மட்டும் கலர்ல காட்டினாங்க.

தோத்தவங்கள்ல சால்வடார் டாலியும் ஒருத்தர். கொசுக்கால் மாதிரி நீண்ட கால்களோட யானைகள் வரிசையா வர, கீழே ஒரு மனுஷன் சிலுவையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருப்பானே, அந்தப் படம். இப்போ பிரஸ்ஸல்ஸ் மியூசியத்துல இருக்கு. போட்டியில ஜெயிக்காத அந்தப் படம் இன்னைக்கு டாலியோட மிகப் பிரபலமான படங்கள்ல ஒண்ணு.

இதுல கவனிக்க வேண்டியது அந்த யானை. அது இந்தப் போட்டிக்காகப் பிறந்தது இல்லை. 1944-லயே டாலியோட வேற ஒரு ஓவியத்துல அதே நீண்ட கால் யானை வந்துடுச்சு. தலைப்பு வெளியில இருந்து வந்தது. யானை அவர்கிட்ட ஏற்கனவே இருந்தது. அதாவது தலைப்பைத் தேடி அவர் போகலை, தன்னோட உலகத்துக்குள்ள அதைக் கூட்டிட்டு வந்துட்டார். தீம் ஷோ பத்தி நான் புரிஞ்சுக்கிட்டது மொத்தமும் இதுதான்.

மொட்டை மாடியும் தண்ணியும்

என் தோழிக்கு மொட்டை மாடின்னா உயிர். கொடியில காயற துணி, வடாம், உடைஞ்ச நாற்காலி, பக்கத்து வீட்டு ஆன்டெனா. அவங்க ஸ்கெட்ச் புக் முழுக்க இதுதான், ஆனா ஷோவுக்கு ஒண்ணு கூட அனுப்பினதில்லை. அடுத்த முறை வேற ஒரு கேலரியில மறுபடியும் "தண்ணீர்"னு தலைப்பு வந்தது. இந்தத் தடவை கடலுக்குப் போகாம மாடிக்கே போனாங்க. கறுப்பு பிளாஸ்டிக் டேங்க், மூடி திறந்து கிடக்கு, பக்கத்துல நாலு கலர்ல காலிக் குடம். 2019 கோடையில சென்னையோட ஏரிகள் வத்தினப்போ இங்க இருந்த யாருக்கும் அந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை.

பொதுவா ஒரு தலைப்புக்கு வர்ற படங்கள்ல பாதி, எல்லாருக்கும் முதல்ல தோணறதாத்தான் இருக்கும். தண்ணின்னா கடல், தாமரை, மழை. தேர்ந்தெடுக்கறவர் இருபதாவது தாமரையைத் தாண்டி இந்தக் குடத்துக்கு வரும்போது நின்னுதான் ஆகணும்.

கணக்கு வழக்கு

கொஞ்சம் நடைமுறை. நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச பகுதி.

முதல்ல தேதி. கடைசித் தேதியில இருந்து பின்னோக்கி எண்ணுங்க. ஆயில் பெயின்ட்ல தண்ணி ஆவியாகிக் காயற கதையே கிடையாது. எண்ணெய் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து இறுகணும். மெல்லிசா பூசினா சில நாள், தடிமனா பூசினா வாரக்கணக்கு. வார்னிஷ் பூச ஆறு மாசம் காத்திருக்கறது மரபு. அக்ரிலிக்ல தண்ணி ஆவியானா போதும், மெல்லிய பூச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள காஞ்சிடும். ஆறு வாரம்தான் இருக்குன்னா எதை எடுக்கணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

அடுத்தது போட்டோ. தேர்வாளர் முதல்ல பார்க்கறது உங்க படத்தை இல்லை, ஸ்கிரீன்ல அதோட சின்ன போட்டோவை. வெயில் நேரடியா விழாத பகல் வெளிச்சத்துல, ஃப்ளாஷ் போடாம, நேரா நின்னு எடுங்க.

மூணாவது விலை. பல பேர் சதுர அங்குலத்துக்கு இவ்வளவுன்னு வச்சுக்கறாங்க. உதாரணத்துக்கு 24-க்கு 30 அங்குலம்னா 720 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 20 ரூபாய்னா 14,400. கேலரி 40 சதவீதம் கமிஷன் எடுத்தா உங்க கைக்கு 8,640. அதுலதான் கேன்வாஸ், பெயின்ட், ஃப்ரேம், ஆட்டோ எல்லாம். கமிஷன் எவ்வளவு, விக்காத படத்தை யார் திருப்பி எடுத்துட்டுப் போகணும், வழியில சேதமானா யார் பொறுப்பு, மூணையும் எழுத்துல வாங்கிக்குங்க.

பிள்ளையார் கேள்வி

போன வருஷம் ஒரு கேலரியில இருந்து அவங்களுக்கு அழைப்பு வந்தது. விநாயகர் சதுர்த்தி ஷோ. மூணு பிள்ளையார் வரைஞ்சு குடுங்க, கண்டிப்பா போயிடும்னாங்க. அவங்களுக்குக் காசு தேவைதான். நான் "வரைஞ்சு குடு"ன்னுதான் சொன்னேன்.

இந்தக் கேள்வி சென்னைக்குப் புதுசு இல்லை. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில 1966-ல் ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பிச்சவங்களும் படம் வித்துப் பிழைக்க முடியாதுன்னு தெரிஞ்சவங்கதான். பத்திக் துணி மாதிரி கைவினைப் பொருட்கள் செஞ்சு வித்தாங்க. அந்த வருமானம் அவங்க ஓவியத்தைத் தாங்கிச்சு. பணிக்கர் 1963-ல் தொடங்கின 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைக் கடைசி வரைக்கும் விடலை. வயித்துக்கு ஒரு வேலை, தனக்கு ஒரு வேலை. ரெண்டும் ஒரே கைதான், ஆனா கலக்கலை.

என் தோழி யோசிச்சுட்டு, ரெண்டு பிள்ளையார் வரைஞ்சு குடுத்தாங்க. ரெண்டும் வித்துச்சு. போர்ட்ஃபோலியோவுல அதைச் சேர்க்கலை. வந்த காசுல பெரிய கேன்வாஸ் வாங்கினாங்க. இப்போ மாடி வரிசையில பதினொண்ணாவது படம் ஓடிக்கிட்டு இருக்கு.

அதனால கேள்வி கேட்ட நண்பருக்கு: அனுப்புங்க. ஆனா தலைப்பைப் பார்த்ததும் பிரஷ்ஷை எடுக்காம, முதல்ல உங்க பழைய ஸ்கெட்ச் புக்கைப் புரட்டுங்க. அந்தத் தலைப்புக்கு உங்ககிட்ட ஏற்கனவே ஒரு யானை இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அந்த ஷோவை விட்டுடலாம், அடுத்த மாசம் வேற தலைப்பு வரும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.