உங்களுக்குத் தெரியுமா? - கோடீஸ்வர நாடோடிகள்

● கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு, விஞ்ஞானி தாமஸ் எடிசன், டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ். அமெரிக்காவின் இந்த நான்கு பிரபலங்களும் 1910-களில் கோடை வந்தால் கார்களில் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு மலைக்கும் காட்டுக்கும் கிளம்பிவிடுவார்கள். தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'நாடோடிகள்'!

● நால்வரில் மூத்தவரான பரோஸ் 1837-ல் பிறந்தவர். காரென்றாலே அவருக்கு ஆகாது. இயற்கையை ரசிக்கும் மனதையே அது கெடுத்துவிடும் என்று எழுதியவர். பறவைப் பிரியரான ஃபோர்டு, அவருக்கு 1913-ல் ஒரு மாடல் டி காரைப் பரிசாகவே அனுப்பிவைத்தார். வெண்தாடிக் கிழவர் ஓட்டிப் பழகும்போது தன் கொட்டகைச் சுவரையே இடித்துத் தள்ளினார். ஆனாலும் காரை விடவில்லை. இலவசமாக வந்த கார் யாருடைய கொள்கையைத்தான் அசைக்காது?

● நாடோடிகள் என்றதும் கஞ்சியும் கருவாடும் என்று நினைத்துவிடாதீர்கள். கூடவே ஒரு சமையல் லாரி வரும். அதில் ஐஸ் பெட்டி, பெட்ரோல் அடுப்பு எல்லாம் உண்டு, சமையல்காரரும் உண்டு. சாப்பாட்டு மேஜையோ பெரிய வட்ட மேஜை. அதன் நடுத்தட்டைச் சுழற்றினால் வேண்டிய பதார்த்தம் உங்கள் முன்னால் வந்து நிற்கும். கூடாரங்களில் மின்விளக்கு எரியும். பேட்டரி உபயம், வேறு யார், எடிசன்தான். நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலுக்குச் சக்கரம் மாட்டியது போல் இருக்கிறது என்று கிண்டலடித்தார் பரோஸ்.

● வழி சொல்வது எடிசன் வேலை. திசைகாட்டியும் வரைபடமுமாக முதல் காரில் முன்சீட்டில் உட்கார்ந்துகொள்வார். நல்ல சாலையை விட்டுவிட்டு கிராமத்துப் பாதையாகத் தேடிப் பிடிப்பார். 1918-ல் ஒரு காரின் ரேடியேட்டர் வழியில் ஓட்டையானபோது, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பழுது பார்த்தவர் சாட்சாத் ஃபோர்டு!

● 1921-ல் மேரிலாந்தில் போட்ட முகாமுக்கு அமெரிக்க ஜனாதிபதி ஹார்டிங்கே வந்தார். அவர் சுருட்டை நீட்ட, எடிசன் தனக்குப் புகைக்கும் பழக்கமில்லை, மெல்லுவதுதான் என்றார். ஹார்டிங் சளைக்காமல் தன் பையிலிருந்து மெல்லும் புகையிலையை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் இருவரும் சிநேகம்தான்.

● மீன் பிடிக்க மட்டும் எடிசன் மலைக்கும் காட்டுக்கும் போக வேண்டியதில்லை. ஃபுளோரிடாவில் ஃபோர்ட் மையர்ஸ் ஊரில் இருந்த அவருடைய குளிர்கால வீட்டிலிருந்து ஆற்றுக்குள் நீளமாக ஒரு மரப்பாலம் போகும்; தூண்டில் போட அது போதும். 1916-ல் பக்கத்து வீட்டை ஃபோர்டு வாங்கினார். அந்த வீட்டின் பெயர் 'மாங்கோஸ்'. ஆம், நம் மாம்பழமேதான்.

● நாடோடிகள் போன ஊரெல்லாம் ஃபோர்டு கம்பெனியின் சினிமா கேமராவும் பின்னாலேயே போனது. ஓய்வோடு விளம்பரமும் நடந்தது. கடைசியில் கூட்டமும் நிருபர்களும் தாங்காமல், 1924-டன் பயணங்கள் நின்றன.

● முகாம் நட்பு வியாபாரத்திலும் நீண்டது. 1927-ல் எடிசனும் ஃபோர்டும் ஃபயர்ஸ்டோனும் சேர்ந்து, அமெரிக்க மண்ணிலேயே ரப்பர் தரும் செடியைத் தேட ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார்கள். காரணம், உலக ரப்பரில் பெரும்பங்கு அப்போது ஆங்கிலேயர் ஆண்ட மலாயா, இலங்கை போன்ற நாடுகளின் தோட்டங்களிலிருந்து வந்தது. மலாயாவில் விடியும் முன்பே எழுந்து பால்மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.