அரண்மனையை மீட்ட கோட்டோவியம்

இடிந்து மறைந்த அரண்மனையை மீண்டும் முன்போலவே எழுப்ப இயலுமா? அதன் அமைப்பும் அளவும் முறையாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால் இயலும். தென்கொரியாவின் சுவோன் நகரம் இதற்குச் சான்று.

கொரியாவை ஆண்ட ஜோங்ஜோ மன்னர், தம் தந்தையாரின் கல்லறையை 1789ஆம் ஆண்டில் சுவோன் பகுதிக்கு மாற்றினார். அங்கு வழிபடச் செல்லுங்கால் தங்குவதற்கு ஓர் அரண்மனை அமைத்தார். பின்னர் நகரைச் சூழ, 1794 முதல் 1796 வரை, ஹ்வாசோங் கோட்டையை எழுப்பினார். அதன் மதில் ஏறத்தாழ 5.7 கிலோமீட்டர் நீளமுடையது.

அப்பணியின் வரலாற்றைத் தொகுக்குமாறு மன்னர் ஆணையிட்டார். 1800ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். நூல் 1801இல் அச்சேறியது. அதிலுள்ள படங்கள் வெறும் கருங்கோடுகளால் ஆனவை. வானிற் பறக்கும் பறவை கீழே நோக்கினாற்போல, அரண்மனையின் வாயில்கள், முற்றங்கள், கூடங்கள், சுற்றுச் சுவர்கள் யாவும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிகின்றன. அறிஞர் ஜோங் யாக்யோங் வடிவமைத்த பளுதூக்கும் பொறியை முழுமையாகவும், அதன் உறுப்புகளைத் தனித்தனியாகவும் வரைந்துள்ளனர்.

மற்றொரு சிறப்பும் இந்நூலுக்கு உண்டு. கல்தச்சர், மரத்தச்சர், கொல்லர் முதலிய தொழிலாளர்களின் பெயர்களும், அவர்கள் உழைத்த நாட்களும், பெற்ற கூலியும் இதில் எழுதப்பட்டுள்ளன. மன்னர் பெயர் நின்ற ஏட்டிலேயே உளி பிடித்தவர் பெயரும் நிற்கின்றது.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1910–1945) அரண்மனையின் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. 1950இல் தொடங்கிய கொரியப் போரில் கோட்டையும் சிதைந்தது. ஆயினும் நூல் எஞ்சியிருந்தது. அதன் துணைகொண்டு 1975 முதல் 1979 வரை கோட்டையைச் சீரமைத்தனர். மீட்டெழுப்பிய அரண்மனை 2003இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. எஞ்சிய பகுதிகள் 2024இல் நிறைவுற்றன. யுனெஸ்கோ நிறுவனம் 1997இல் ஹ்வாசோங் கோட்டையை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

மாணவச் செல்வங்களே! கல்லும் மரமும் அழிந்தபோது, தாளில் இட்ட கோடுகள் அவற்றை மீட்டுத் தந்தன. நீங்களும் காண்பதை உற்று நோக்கி, அளவு பிறழாது வரையப் பழகுங்கள். ஒரு பணியின் வரலாற்றை எழுதும்போது, அதற்காக உழைத்தோரின் பெயர்களையும் மறவாது எழுதுங்கள்.