ஒரு ரூபாய்க்கு விமானம்

ஒரு ரூபாய்க்கு விமான டிக்கெட் விற்ற காலம் ஒன்று இருந்தது, தெரியுமா?

'சூரரைப் போற்று' பார்த்திருப்பீர்கள். படத்தில் சூர்யா சோழவந்தான்காரர். நிஜத்தில் அந்தக் கதைக்குச் சொந்தக்காரர் கர்நாடகத்துக்காரர், ராணுவத்தில் இருந்த கேப்டன் கோபிநாத். 2003-இல் அவர் தொடங்கிய ஏர் டெக்கான்தான் அந்த ஒரு ரூபாய் டிக்கெட்டை விற்றது. சும்மா இல்லை, உண்மையாகவே விற்றது! ஆனால் ஒரு விமானத்தில் அந்த விலைக்கு இருந்த இருக்கைகள் கொஞ்சம்தான். முந்தியவருக்குக் கிடைக்கும். பிந்தியவருக்கு விலை ஏறிக்கொண்டே போகும். அந்த ஒரு ரூபாயும் அடிப்படைக் கட்டணம் மட்டுமே; வரி, விமான நிலையக் கட்டணமெல்லாம் தனி.

இன்றைய தள்ளுபடி விளம்பரங்களும் ஏறக்குறைய இதே கணக்குதான். பட்டாசு ஊரான நம் எம். புதுப்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்டாசு விலைப்பட்டியலில் எண்பது சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருந்தால், நாம் அதிலா மயங்குகிறோம்? கடைசியில் பெட்டி என்ன விலை என்றுதானே கேட்கிறோம்! மதுரையிலிருந்து சென்னைக்கு டிக்கெட் போடும்போதும் அப்படியே, கடைசியில் வரும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளை இப்போதே டிக்கெட் போடச் சொல்லுங்கள். பண்டிகை நாட்களுக்குச் சலுகை பெரும்பாலும் கிடையாது. அப்புறம், திரும்பிப் போகும்போது பையில் பட்டாசு மட்டும் வைத்துவிடாதீர்கள். விமானத்தில் ஒரு மத்தாப்புக்குக்கூட அனுமதி இல்லை.