உப்புத் தண்ணீரும் நம் வீட்டுச் செலவும்



அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் நம் தெருக்களில் தண்ணீர் மெஷின் விற்பவர்கள் வருகிறார்கள். வீட்டுப் போர் தண்ணீரை ஒரு தம்ளரிலும், தங்கள் மெஷினில் வடித்த தண்ணீரை இன்னொரு தம்ளரிலும் ஊற்றி, இரண்டிலும் கம்பிகளை முக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். சற்று நேரத்தில் நம் தண்ணீர் பழுப்பு நிறமாகிச் சேறுபோல் திரள்கிறது. அவர்களுடையது தெளிவாகவே நிற்கிறது. "இதைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள்" என்று சொன்னதும் வீட்டில் இருப்பவர்கள் பயந்துபோய்த் தவணைக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். பிறகு தவணை கட்ட உதவி கேட்டு நம் டிரஸ்ட்டுக்கு வருகிறார்கள்.

அந்தப் பழுப்பு நம் தண்ணீரில் இருந்ததல்ல. அந்தக் கம்பி இரும்பு. தண்ணீரில் தாது உப்புகள் இருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரையும், துருவாகத் திரளும். வடித்த தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை வந்தால், அவருடைய தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

'உப்புத் தண்ணீர்' என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் இரண்டு விஷயங்கள். வாயில் வைத்தால் கரிப்பது சமையல் உப்பு வகை. சோப்பு நுரைக்காமல், குழாயில் வெள்ளை படிய வைப்பது கால்சியமும் மெக்னீசியமும். பள்ளிப் புத்தகம் இதைத்தான் கடின நீர் என்கிறது. கரிக்காத தண்ணீரும் கடின நீராக இருக்கலாம்.

கல்வராயன் மலையில் பெய்யும் மழை பாறைமேல் வேகமாக ஓடி கோமுகி ஆற்றுக்கு வருகிறது. வழியில் பாறையைக் கரைக்க அதற்கு நேரமில்லை. நிலத்துக்குள் இறங்கும் மழையோ பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கிச் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொள்கிறது. அதனால் போரை இன்னும் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்று கடன் வாங்குவது பல நேரங்களில் வீண்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 அளவுகளின்படி, குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. 600 என்றால், ஆயிரம் லிட்டர் டேங்கில் அரைக் கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது என்று பொருள். கீசரும் ஹீட்டர் ராடும் ஏன் சீக்கிரம் போகின்றன என்பது இதிலேயே தெரியும். தண்ணீர் சூடாகும்போது சுண்ணாம்பு கம்பிமேல் படிகிறது. படிவு சூட்டைத் தண்ணீருக்கு விடாது. கரண்ட் பில் ஏறும், கடைசியில் கம்பி கருகும். கீசரைக் குறைந்த சூட்டில் வையுங்கள். ராடை மின் இணைப்பிலிருந்து எடுத்து ஆறவிட்டு, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ஊறவைத்தால் படிவு கரையும். பிளீச்சிங் பவுடரோடு மட்டும் அதைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

துவரம்பருப்பு வேக மறுப்பதும் இதனால்தான். கால்சியம் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிப் பிடிக்கிறது. பருப்புக்கு மட்டுமாவது நகராட்சிக் குழாய்த் தண்ணீரோ, பிடித்து வைத்த மழைநீரோ பயன்படுத்திப் பாருங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே நம் மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்டது, பல வீடுகளில் அந்தக் குழாய் காட்சிக்குத்தான் நிற்கிறது. ஜும்ஆவுக்குப் போடும் வெள்ளை ஜிப்பா சாம்பல் பூத்தாற்போல் ஆனால், ஊறவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் சலவைச் சோடா போடுங்கள். சோப்புச் செலவும் குறையும்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: கிட்னியில் கல் வருமா? கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் எந்த வரம்பும் விதிக்கவில்லை. கல் உருவாக முக்கியக் காரணங்களில் ஒன்று தண்ணீர் குறைவாகக் குடிப்பது. பெரும்பாலான கற்கள் கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்தவை. உணவோடு சேரும் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்ற உதவுகிறது. ஆகவே தண்ணீருக்குப் பயந்து தண்ணீரையே குறைப்பதுதான் ஆபத்து, நோன்பு மாதத்தில் இன்னும் அதிகம். இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே மறக்காமல் குடியுங்கள். தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தும்படி டாக்டர் சொன்ன நோயாளிகள் அதன்படியே நடக்கவும்.

ஒளு கூடுமா என்றும் ஒரு பெரியவர் கேட்டார். நிலத்திலிருந்தே கலந்த உப்பால் சுவை மாறிய தண்ணீர் தூய்மையாக்கும் தண்ணீர்தான். கடல் நீர் பற்றிக் கேட்கப்பட்டபோது அதுவும் தூய்மையாக்கும் என்று நபிகள் நாயகம் (ஸல்) கூறியதாக ஹதீஸ் உள்ளது.

உண்மையில் பயப்பட வேண்டியவை கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. உரம் போடும் வயல்களுக்கும் கழிவுத் தொட்டிகளுக்கும் அருகில் உள்ள போர்களில் நைட்ரேட் இருக்கலாம். அதற்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். புட்டிப்பால் கலக்கும் கைக்குழந்தைக்கு இது ஆபத்து. கொதிக்கவைத்தால் நைட்ரேட் குறையாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடவே செய்யும். ஃப்ளோரைடு 1.5-க்கு மேல் போனால் பல்லும் எலும்பும் கெடும். விற்பனையாளர் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இவற்றைப் பிரித்துச் சொல்லாது, கிருமியையும் காட்டாது. கிருமிக்குக் கொதிக்கவைத்தால் போதும். அப்போது அடியில் தங்கும் வெள்ளைத் துகள் சுண்ணாம்புதான், வடிகட்டிக் குடிக்கலாம்.

எனவே மெஷினுக்கு முன் பரிசோதனை. குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்கள் கட்டணம் பெற்றுத் தண்ணீரைச் சோதித்துத் தருகின்றன. ஊராட்சிகளுக்குக் களப் பரிசோதனைப் பெட்டிகளும் வழங்கப்பட்டுள்ளன, ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். நைட்ரேட், ஃப்ளோரைடு அல்லது மொத்த உப்பு வரம்பைத் தாண்டியிருந்தால் ஆர்.ஓ. மெஷின் தேவைதான், வாங்குங்கள். அது வெளியேற்றும் தண்ணீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பிடித்து வையுங்கள்.

மாதிரி எடுக்கும்போது மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, நிரம்பப் பிடித்து மூடுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் கூடத்தில் தரும் பாட்டிலை அலசாமல் அப்படியே பயன்படுத்த வேண்டும். பாட்டில் மேல் தெருப் பெயர், போரின் ஆழம், பிடித்த தேதி மூன்றையும் எழுதிவிடுங்கள். ஒரே போரைப் பயன்படுத்தும் நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு மாதிரி கொடுத்தால் போதும்.