உறக்கத்தில் அலறும் குழந்தை

மும்பையின் சுனாபட்டி, தாராவி முதலிய பகுதிகளில் குடும்பம் முழுவதும் ஓரறையில் உறங்கும் வீடுகள் பல. கண்ணயர்ந்த ஓரிரு மணி நேரத்தில் நான்கு வயதுக் குழந்தை எழுந்தமர்ந்து வீறிட்டு அலறினால், வீடே விழித்துக்கொள்ளும். குழந்தையின் கண்கள் திறந்திருக்கும், உடல் வியர்க்கும், தாயையும் அது அறியாது. பேய் பிடித்ததென்று அஞ்சி மந்திரிக்கச் செல்வோரும் உளர்.

உண்மையில் குழந்தை முழுதும் விழிக்கவில்லை. ஆழ்ந்த உறக்கத்தில் மூளை அரைகுறையாக விழிப்பதே காரணமாகும். விடியற்காலையில் தோன்றும் தீக்கனவு வேறு. அது நினைவில் நிற்கும். இவ்வலறலோ காலையில் பெரும்பாலும் நினைவிராது.

செய்யத்தக்கது யாது? உலுக்கி எழுப்பலாகாது, அது குழப்பத்தையே மிகுவிக்கும். எதிலும் மோதிக்கொள்ளாதபடி அருகிருந்து காத்தால் போதும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும். உறக்கக் குறைவு, காய்ச்சல், திடீர் ஓசை ஆகியன இதனைத் தூண்டுவன. ஓரறை வீட்டில் பெரியோர் விளக்கணைக்கும் வரை குழந்தையும் விழித்திருக்க நேர்கிறது. அதனை முன்னதாகவே, நாள்தோறும் ஒரே வேளையில் உறங்கவைத்தல் நலம். குறித்த நேரத்தில் அலறும் குழந்தையை, அதற்குச் சுமார் 15 நிமிடம் முன்னர் மெல்ல எழுப்பி மீண்டும் உறங்கச் செய்வதும் பயன் தரும்.

குறட்டையோ கைகால் வெட்டோ காணப்படின், சயான் லோகமான்ய திலக் மருத்துவமனை போன்றவற்றில் மருத்துவரிடம் காட்டவேண்டும். மற்றபடி, வளர வளர இது பெரும்பாலும் தானே நீங்கிவிடும்.