முதுகுத்தண்டு ஆபரேஷன்: போட்ட ஸ்க்ரூ ஏன் லூஸ் ஆகுது?

விலகிய முதுகெலும்பை அசையாமல் நிறுத்த டைட்டானியம் ஸ்க்ரூவும் கம்பியும் பொருத்துகிறார்கள். ஸ்க்ரூ நீளமா இருந்தா போதும்னு தோணும். ஆனால் பிடிப்பில் சுமார் 60 சதவீதம், எலும்பின் பின்பக்கம் உள்ள ‘பெடிக்கிள்’ என்ற குறுகலான பகுதியில்தான் கிடைக்கிறது. அதன் சுவரை உடைத்துக்கொண்டு ஸ்க்ரூ வெளியே போனால் பிடிப்பும் குறையும், பக்கத்தில் ஓடும் நரம்பும் பாதிக்கப்படலாம். கழற்றி அதே ஓட்டையில் மறுபடி போட்டாலும் பழைய இறுக்கம் வருவது கஷ்டம்.

வயதானவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். எலும்புப்புரை வந்தால் உள்ளே இருக்கும் பஞ்சு எலும்பு பொலபொலத்துப்போகும். உதிரும் சுவரில் அடித்த ஆணி மாதிரி ஸ்க்ரூ ஆடும். இதற்காக 2009-ல் வேறொரு பாதை சோதிக்கப்பட்டது. நடுக்கோட்டுக்கு அருகே தொடங்கி, மேல்நோக்கி வெளிப்பக்கமாகச் சாய்த்து, கெட்டியான வெளி எலும்பைக் கவ்வவைப்பது. ஆய்வகத்தில், பிடுங்கும் விசையை அது 30 சதவீதம் கூடுதலாகத் தாங்கியது.

உங்க வீட்டுப் பெரியவருக்கு இந்த ஆபரேஷன் என்றால், எலும்பு அடர்த்தி டெஸ்ட் எடுத்தாச்சா என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.